பெயிண்ட் அடிப்பதற்கு முன் போய்ப் பாருங்கள்: வீட்டு இரும்பு வேலைக்கு வெல்டரை அமர்த்தும் முறை

முதல் முறையாகச் சொந்த வீடு கட்டுகிறவர்களும், வெளியூரிலிருந்து வந்து பழைய வீடு ஒன்றை வாங்கிக் குடியேறுகிறவர்களும் கொத்தனாரையும் எலக்ட்ரீஷியனையும் பற்றி நாலு பேரிடம் விசாரிப்பார்கள். வெல்டரைப் பற்றி விசாரிப்பவர்கள் குறைவு. தெருமுனையில் ஒரு வெல்டிங் பட்டறை இருக்கும். கேட் வேண்டும் என்றால் சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரு தொகை சொல்வார்கள். முன்பணம் கொடுத்துவிட்டு வந்தால் பத்து நாளில் பளபளவென்று பெயிண்ட் அடித்த கேட் வாசலில் வந்து இறங்கும். எந்தக் கனத்துக் குழாயில் அது செய்யப்பட்டது, மூட்டுகள் முழுவதும் பற்றவைக்கப்பட்டனவா, இரண்டு புள்ளி மட்டும் வைத்து விடப்பட்டனவா என்பதெல்லாம் அந்தப் பெயிண்டுக்கு அடியில் மறைந்துவிடும்.

திருச்சியில் நான் வீடு கட்டியபோது நடந்ததும் இதுதான். மூன்றாவது மழைக்காலத்தில் கேட்டின் அடிக்குழாய் உள்ளிருந்து துருப்பிடித்து, தட்டினால் உதிரும் நிலைக்கு வந்தது. ஒரு கதவு தொய்ந்து தரையில் உரசியது. பழுது பார்க்க அறுத்தபோது, 2 மி.மீ. என்று பேசி விலை கொடுத்த குழாய் 1.2 மி.மீ. கனம்தான் இருந்தது. எழுத்தில் எதுவும் இல்லாததால் என்னால் கேட்க முடியவில்லை. வேலை நடந்த நாட்களில் ஒரு முறைகூட நான் பட்டறைக்குப் போகவும் இல்லை. அதன் பிறகு எங்கள் வீட்டிலும் உறவினர் வீடுகளிலும் கேட், ஜன்னல் கிரில், மாடிப்படிக் கைப்பிடி, மொட்டை மாடிக் கூரை என்று பல வேலைகளைக் கூடவே நின்று செய்வித்ததில் தெரிந்துகொண்டவற்றை, செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

வேலை எந்த வகை என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

கீல் விட்டுப்போன கதவு, உடைந்த கொண்டி, ஆடுகிற கைப்பிடி போன்றவை ஒரு மணி நேர வேலைகள். இவற்றுக்காக வெல்டர் தன் மெஷினையும் கிரைண்டரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வர வேண்டியிருப்பதால், வேலை எவ்வளவு சிறிதாக இருந்தாலும் வந்து போவதற்கென்று ஒரு குறைந்தபட்சக் கூலி கேட்பார், அது நியாயமானது. ஆகவே வீட்டைச் சுற்றிவந்து இரும்பில் எங்கெங்கே பழுது இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிச் சேர்த்து வைத்து, ஒரே நாளில் எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளுங்கள்.

புதிதாகச் செய்ய வேண்டிய கேட், கிரில் ஆகியவை இரண்டாவது வகை. இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அவற்றைப் பற்றியதே. மூன்றாவது வகையில் அதிகக் கவனம் தேவை. தண்ணீர்த் தொட்டிக்கான தாங்கி, இரும்புப் படிக்கட்டு, மாடியிலிருந்து நீட்டிக் கட்டும் தளம், மொட்டை மாடிக் கூரை ஆகியவை மனித உயிரைத் தாங்குபவை. 1,000 லிட்டர் தொட்டி நிறைந்தால் தண்ணீரின் எடை மட்டுமே ஒரு டன். கூரையின் சிக்கல் வேறு: தகரத்தின் எடை அதற்குப் பெரிதல்ல, காற்று அதைத் தூக்கப் பார்ப்பதுதான் ஆபத்து. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் கூரைத் தகடுகள் பறந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இத்தகைய வேலைகளுக்குத் தூணின் அளவையும், அடித்தட்டையும், ஆங்கர் போல்ட்டுகளின் எண்ணிக்கையையும் ஒரு சிவில் இன்ஜினியர் குறித்துக் கொடுக்க வேண்டும். நல்ல வெல்டர் இரும்பை உறுதியாக ஒட்டுவார். உங்கள் வீட்டுத் தளமும் சுவரும் எவ்வளவு தாங்கும் என்று கணக்கிடுவது அவருடைய தொழில் அன்று.

உலோகம் எது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரண இரும்பை எந்தப் பட்டறையிலும் பற்றவைக்கலாம். எவர்சில்வர் கைப்பிடி வேலைக்கு ஆர்கான் வெல்டிங் மெஷின் உள்ளவரைத்தான் தேட வேண்டும். அலுமினியமும் அப்படியே. பழைய வார்ப்பிரும்புப் பொருட்களைச் சாதாரண ராடால், அதாவது உருக்கி ஒட்டும் வெல்டிங் குச்சியால், ஒட்டினால், ஒட்டிய இடத்தை அடுத்து மறுபடி விரிசல் விடும்; அதற்கென உள்ள நிக்கல் ராடு இருக்கிறதா என்று வெல்டரிடம் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும்.

ஆளைத் தேடுவது

திருச்சி இந்தியாவிலேயே வெல்டிங்குக்குப் பெயர்போன ஊர்களில் ஒன்று. 1960களில் இங்கே வந்த பெல் கொதிகலன் தொழிற்சாலையும், 1975இல் அதனுடன் சேர்ந்து உருவான வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும், துவாக்குடி, அரியமங்கலம் பகுதிகளில் உள்ள சிறுதொழிற்கூடங்களும் இரண்டு மூன்று தலைமுறை வெல்டர்களை வளர்த்திருக்கின்றன. "கொதிகலன் குழாய் ஒட்டினவர் சார், உங்கள் கேட்டெல்லாம் எம்மாத்திரம்?" என்று சொல்லி ஆளைச் சேர்த்துவிடுபவர்கள் இந்த ஊரில் நிறைய உண்டு. அந்தத் திறமை பெரியதுதான். ஆனாலும் கனத்த குழாயை ஒட்டிப் பழகிய கைக்கும், ஒன்றரை மி.மீ. டியூபை ஓட்டை விழாமல் ஒட்டுகிற கைக்கும் வேறுபாடு உண்டு. கேட்டைக் கோணல் இல்லாமல் தொங்கவிடுவது இன்னொரு பழக்கம். ஐ.டி.ஐ.யில் ஓராண்டு வெல்டர் படிப்பு முடித்திருப்பது நல்ல அடையாளம். படிக்காமல் பட்டறையிலேயே பதினைந்து வயதில் சேர்ந்து கற்றவர்களிலும் மிகச் சிறந்தவர்கள் இருக்கிறார்கள். ஆகையால் சான்றிதழையும் பேச்சையும் விட, அவர் செய்து ஐந்தாண்டு ஆன வேலையைப் பாருங்கள்.

அதற்கு எளிய வழி, உங்கள் தெருவிலேயே நடந்து பார்ப்பதுதான். ஐந்தாறு ஆண்டுக்கு முன் கட்டிய வீடுகளின் கேட்டைக் கவனியுங்கள். இரண்டு கதவுகளும் நடுவில் ஒரே மட்டத்தில் சேர்கின்றனவா, அடிப்பகுதியில் துரு ஒழுகிய கோடு இருக்கிறதா, தாழ்ப்பாள் தூக்காமல் விழுகிறதா என்று பார்த்துவிட்டு, நன்றாக இருப்பவற்றின் வீட்டுக்காரரிடம் யார் செய்தது என்று கேளுங்கள். எந்தப் பட்டறைக்காரர் தொடர்ந்து சரக்கு எடுக்கிறார் என்பது இரும்புக் கடைக்காரருக்குத் தெரியும். கொத்தனார் கைகாட்டும் ஆளை ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் அவருக்கு இதில் கமிஷன் இருக்கக்கூடும் என்பதை மனத்தில் வைத்து, இன்னும் இருவரிடமாவது விலை கேளுங்கள்.

காலமும் முக்கியம். தை, ஆவணி மாதங்களில் கிரகப்பிரவேசங்கள் குவிவதால், அதற்கு முந்தைய வாரங்களில் பட்டறைகளில் மூச்சுவிட நேரமிருக்காது. அவசரத்தில் செய்யும் வேலையில்தான் மூட்டுகள் அரைகுறையாக நிற்கும். ஆடியில் வேலை குறைவு. அப்போது கொடுத்தால் நிதானமாகச் செய்வார்கள், விலையிலும் கொஞ்சம் இறங்கி வருவார்கள்.

கனமும் எடையும்

விலை பேசும்போது இரண்டு முறைகள் உண்டு: சதுர அடிக்கு இவ்வளவு என்பது ஒன்று, கிலோவுக்கு இவ்வளவு என்பது மற்றொன்று. சதுர அடிக் கணக்கில் பேசினால், மெல்லிய இரும்பைப் போடப் போட பட்டறைக்கு லாபம். கிலோக் கணக்கில் பேசினால், தேவையற்ற இடத்திலும் கனத்த இரும்பைப் போடப் போட லாபம். எந்த முறையிலும் நேர்மையானவர்கள் நேர்மையாகவே செய்வார்கள். ஆனால் நமக்குப் பாதுகாப்பு, எந்தெந்தத் துண்டு என்ன கனம் என்பதையும், மொத்தம் ஏறத்தாழ எத்தனை கிலோ வரும் என்பதையும் பேச்சின் தொடக்கத்திலேயே நிர்ணயித்துவிடுவதுதான்.

இந்தக் கணக்கை நீங்களே போட முடியும். சதுரக் கம்பிக்கு, பக்க அளவை மி.மீ.யில் எடுத்து அதை அதனாலேயே பெருக்கி, வந்ததை 0.00785ஆல் பெருக்கினால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் கிடைக்கும். 12 மி.மீ. சதுரக் கம்பி மீட்டருக்கு 1.13 கிலோ, 10 மி.மீ. கம்பி 0.785 கிலோ. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். எடையிலோ முப்பது சதவீதம் குறைகிறது. உருண்டைக் கம்பிக்கு விட்டத்தை அதனாலேயே பெருக்கி 162ஆல் வகுக்க வேண்டும். சதுர டியூபுக்குப் பக்க அளவிலிருந்து கனத்தைக் கழித்து, அதைக் கனத்தால் பெருக்கி, பிறகு 0.0314ஆல் பெருக்க வேண்டும். தகடு என்றால் ஒரு மி.மீ. கனத்துக்குச் சதுர மீட்டருக்கு 7.85 கிலோ.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். பத்தடி அகலம், ஐந்தடி உயரத்தில் இரட்டைக் கதவு கேட். சட்டம் ஒன்றரை அங்குல டியூப், அதாவது 38 மி.மீ.; உள்ளே நான்கு அங்குலத்துக்கு ஒன்றாக முக்கால் அங்குல டியூப், அதாவது 19 மி.மீ. சட்டம் 2 மி.மீ. கனத்திலும் உள்கம்பிகள் 1.6 மி.மீ. கனத்திலும் இருந்தால், கீல், தாழ்ப்பாள் தவிர்த்து ஏறத்தாழ 63 கிலோ வரும். அதே கேட்டை முழுவதும் 1.2 மி.மீ. டியூபில் செய்தால் 44 கிலோதான் வரும். பெயிண்ட் அடித்து நிறுத்திவிட்டால் இந்த 19 கிலோ வித்தியாசத்தை எந்தக் கண்ணாலும் கண்டுபிடிக்க முடியாது. கையால் தூக்கிப் பார்க்கவோ தராசில் வைக்கவோ வேண்டும்.

பட்டறைகளில் கனத்தை கேஜ் கணக்கில் சொல்வது வழக்கம். 18 கேஜ் என்றால் ஏறத்தாழ 1.2 மி.மீ., 16 கேஜ் 1.6 மி.மீ., 14 கேஜ் 2 மி.மீ. கேஜ் எண் கூடக் கூடக் கனம் குறையும் என்பது தெரியாமல் புதியவர்கள் ஏமாறுவது உண்டு, "எனக்கு மி.மீ.யில் சொல்லுங்கள்" என்று கேட்டுவிடுங்கள். ஒரு வெர்னியர் காலிப்பரை வாங்கி வைத்துக்கொண்டால் வாழ்நாள் முழுக்க உதவும். அறுத்த முனையில் பிசிறை அரம் கொண்டு தேய்த்துவிட்டு அளக்க வேண்டும். பிசிறோடு அளந்தால் கனம் கூடுதலாகக் காட்டும். கட்டுமானத்துக்கான சதுர, செவ்வக டியூபுகளுக்கு ஐ.எஸ். 4923 என்ற தர எண் உண்டு. நல்ல நிறுவனங்களின் டியூபில் இது அச்சாகியிருக்கும். ஐ.எஸ். 1239 வகை உருண்டைக் குழாய்களில் மஞ்சள் பட்டை மெல்லியது, நீலம் நடுத்தரம், சிவப்பு கனமானது. காயலாங்கடை இரும்பைப் போடுவதில் தவறில்லை, நல்ல பழைய ஆங்கிள்கள் கிடைக்கின்றன. ஆனால் அது பழையது என்று சொல்லி, பழையதற்கான விலையில் போட வேண்டும்.

எவர்சில்வர் கேட்பவர்கள் 202, 304, 316 என்ற எண்களை அறிந்திருக்க வேண்டும். 202இல் நிக்கல் குறைவு, மாங்கனீசு அதிகம், விலை மலிவு. 304 மழையில் நனையும் இடத்துக்கு ஏற்றது. கடலோர ஊர்களில் உப்புக் காற்றைத் தாங்குவது மாலிப்டினம் கலந்த 316. காந்தம் வைத்துப் பார்த்து 304 என்று உறுதி சொல்பவர்களை நம்ப வேண்டாம். 202இலும் காந்தம் ஒட்டாது. இரண்டையும் பிரித்துக் காட்டுகிற சோதனைத் திரவம் எவர்சில்வர் குழாய்க் கடைகளில் கிடைக்கிறது. ஒரு துளி விட்டு நிறம் மாறுவதைப் பார்த்து முடிவு செய்யலாம்.

இரும்பை நீங்களே வாங்கிக் கொடுத்து, கூலி மட்டும் பேசுவதும் நல்ல வழி. கடையில் ரசீது வாங்குங்கள், இரும்புக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம் என்பதால், சொல்லப்படும் விலை வரியோடு சேர்ந்ததா என்று கேட்காமல் ஒப்பிட முடியாது. டியூப் பொதுவாக 6 மீட்டர் நீளத்தில் வரும். அதாவது ஏறத்தாழ 19 அடி 8 அங்குலம். உள்ளே நிற்கும் துண்டு 4 அடி 10 அங்குலமாக இருந்தால் ஒரு டியூபில் நான்கு துண்டு வரும். அதுவே சரியாக 5 அடி என்றால் மூன்றுதான் வரும். நான்கரை அடிக்கு மேல் எஞ்சி வீணாகும். வடிவத்தை முடிவு செய்யும்போது இரண்டு அங்குலம் விட்டுக்கொடுத்தால் போதும், கணிசமான பணம் மிஞ்சும். எஞ்சும் துண்டுகள் யாருக்கு என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். இந்தச் சிறு விஷயத்தில் மனக்கசப்பு வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அளவெடுப்பதும் எழுதிக்கொள்வதும்

அளவை வெல்டரே வந்து எடுக்க வேண்டும். நீங்கள் எடுத்துக் கொடுத்த அளவில் தவறு நேர்ந்தால் பொறுப்பு உங்களுடையதாகிவிடும். சுவர்கள் நேராக நிற்பதில்லை என்பதால் அகலத்தை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடங்களில் அளக்கச் சொல்லுங்கள். பூச்சு வேலையும் தரைக் கல்லும் முடிந்திருக்கின்றனவா, இல்லையென்றால் இன்னும் எத்தனை அங்குலம் ஏறும் என்பதைச் சொல்லுங்கள். கேட் உள்பக்கம் திறக்கும்போது வாசல் சரிவு மேடாக ஏறுகிறதா என்று பார்க்காமல் செய்துவிட்டு, பிறகு அடியை அறுத்த வீடுகள் பல.

கிரில் வடிவத்தில் அழகைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை; ஆனால் குழந்தைகள் உள்ள வீட்டில் பால்கனி, படிக்கட்டுக் கைப்பிடிகளின் இடைவெளி நான்கு அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. குறுக்குக் கம்பிகள் குழந்தைக்கு ஏணியாகிவிடும், நிலைக்கம்பிகளாகவே போடுங்கள். ஜன்னல்களையும் பால்கனியையும் முழுவதும் கம்பியால் அடைத்துவிடுகிறவர்கள், தீப்பிடித்தால் எப்படி வெளியேறுவது என்று யோசிப்பதில்லை. ஒவ்வொரு மாடியிலும் ஒரு ஜன்னல் கிரிலையாவது உள்ளிருந்து திறக்கும்படி கீல் வைத்துச் செய்யச் சொல்லி, சாவியை அதன் அருகிலேயே மாட்டி வையுங்கள். இதற்காகும் கூடுதல் கூலி மிகக் குறைவு.

பேசியவை அனைத்தும் ஒரு பக்கத் தாளில் இருக்க வேண்டும். படம் கையால் வரைந்ததாக இருந்தாலும் போதும்: அளவுகள், ஒவ்வொரு துண்டின் கனம் மி.மீ.யில், எதிர்பார்க்கும் மொத்த எடை, விலை கணக்கிடும் முறை, பிரைமரும் பெயிண்டும் எத்தனை கோட்டு, கீலும் பூட்டும் யார் பொறுப்பு, வண்டி வாடகை, சுவரில் துளையிட்டுப் பொருத்தும் கூலி, முடிக்கும் நாள். இருவரும் கையெழுத்திட்டு, இருவர் செல்பேசியிலும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இதைக் கேட்டால் மரியாதைக் குறைவாக நினைப்பாரோ என்று தயங்க வேண்டாம். "அண்ணே, பின்னாடி உங்களுக்கும் எனக்கும் மனஸ்தாபம் வரக் கூடாதுன்னுதான்" என்று சொன்னால் நல்ல தொழிலாளிகள் மகிழ்ச்சியாகவே ஒப்புக்கொள்கிறார்கள். எடையும் கனமும் எழுத மறுப்பவரிடம் வேலையைக் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

முன்பணம் இரும்பு வாங்கும் அளவுக்குக் கொடுப்பது நியாயம். சிறு பட்டறைக்காரர் தம் கைப்பணத்தைப் போட்டு வாங்க முடியாது. அடுத்த தவணையைப் பெயிண்டுக்கு முன் நீங்கள் பார்வையிட்ட பிறகு கொடுங்கள். கடைசியில் பத்து சதவீதத்தையாவது, கேட் பொருத்தி ஒரு வாரம் திறந்து மூடிய பிறகு கொடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு வாரம் முடிந்த அன்றே கொடுத்துவிடவும் வேண்டும். அவருடைய கையாளுக்கு அன்றாடம் கூலி போக வேண்டியிருக்கிறது.

பட்டறையில் பார்க்க வேண்டியவை

"ஒட்டி முடித்ததும் சொல்லுங்கள், நான் வந்து பார்த்த பிறகுதான் ரெட் ஆக்சைடு பிரைமர் அடிக்க வேண்டும்." இந்த ஒரு வாக்கியத்தை வேலை கொடுக்கும் அன்றும், இரண்டு நாள் முன்னதாகத் தொலைபேசியிலும் சொல்லிவிடுங்கள். முடிந்தால், வேலை பாதியில் இருக்கும்போதும் ஒரு முறை போங்கள். சூடு பட்ட இரும்பு குளிரும்போது இழுத்துக்கொள்ளும். அதனால் அனுபவசாலிகள் நான்கு மூலைகளிலும் முதலில் புள்ளி மட்டும் வைத்து, இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்து சமமாக இருப்பதைப் பார்த்த பிறகே முழுமையாக ஒட்டுவார்கள். ஒட்டி முடித்த பிறகும் அளந்து பாருங்கள். ஐந்தடிக் கதவில் இரண்டு மூலைவிட்டங்களுக்கும் இடையே மூன்று நான்கு மி.மீ. வித்தியாசம் பரவாயில்லை, அரை அங்குலம் இருந்தால் கதவு கோணல், எந்தக் கீலாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

பிறகு மூட்டுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஆர்க் வெல்டிங்கில் ராடின் பூச்சு உருகி மேலே ஒரு கருப்பு ஓடாகப் படியும். அதைச் சுத்தியலால் தட்டி எடுத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால்தான் உண்மையான ஒட்டு தெரியும். அந்தக் கருப்புப் படிவை எடுக்காமல் பெயிண்ட் அடித்தால் அது பின்னர் பெயிண்டோடு சேர்ந்து உதிர்ந்து, அந்த இடத்திலிருந்து துரு தொடங்கும். நல்ல ஒட்டு, மீன் செதிலை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியது போலச் சீரான அலைகளுடன் இரு பக்க இரும்பிலும் படர்ந்திருக்கும். ஊசி குத்தியது போலத் துளைகள் இருந்தால் ராடு ஈரமாக இருந்திருக்கிறது அல்லது இரும்பில் துருவும் எண்ணெயும் இருந்திருக்கின்றன. ஒட்டின் ஓரத்தில் இரும்பு அரித்துப் பள்ளம் விழுந்திருந்தால் கரண்ட் அதிகம். ஒட்டு ஒரு பக்கம் மட்டும் மணியாக உட்கார்ந்து மறுபக்கம் விளிம்பு தெரிந்தால், அது ஒட்டவே இல்லை. மெல்லிய டியூபுக்கு 2.5 மி.மீ. ராடும் குறைந்த கரண்டும் போதும், வேகத்துக்காக 3.15 மி.மீ. ராடைப் போட்டு ஓட்டையாக்கிவிட்டு, பிறகு அதைப் பட்டி வைத்து அடைக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. பட்டி பூசிய இடத்தில் காந்தம் பலமாக ஒட்டாது. ஒரு சிறு காந்தத்தைச் சட்டைப்பையில் கொண்டுபோங்கள்.

அழகுக்காகக் கிரைண்டர் போட்டு மூட்டை மழமழவென்று தேய்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மேலே தெரியும் முகப்பில் தேய்க்கட்டும். பின்பக்கமும் கீல் உள்ள இடமும் தேய்க்காமல் இருக்கட்டும். ஒட்டிய இரும்பையே தேய்த்து எடுத்துவிட்டால் பலம் எங்கிருந்து வரும்? கீல் இருக்கும் இடத்தில் இன்னொரு கவனமும் வேண்டும்: கேட்டின் முழு எடையும் அந்த ஒரு சாண் ஒட்டில்தான் தொங்குகிறது. அங்கே டியூபின்மேல் ஐந்து அல்லது ஆறு மி.மீ. பட்டை ஒன்றை வைத்து ஒட்டி, அதன்மேல் கீலைச் சுற்றிலும் முழுமையாக ஒட்டச் சொல்லுங்கள். கனமான கேட்டுக்கு அடியில் பேரிங் வைத்த கீல் போட்டால் தொய்வதில்லை.

என் முதல் கேட்டைத் தின்ற துரு உள்ளிருந்து வந்தது என்றேன். காரணம், டியூபின் மேல்முனை திறந்திருந்தது. மழைநீர் உள்ளே இறங்கி வெளியேற வழியின்றி அடியில் தேங்கியது. எல்லா முனைகளையும் தகடு வைத்து ஒட்டி மூடச் சொல்லுங்கள். கீழ்ச்சட்டத்தின் அடியில் சிறு துளை ஒன்று இடச் சொல்லுங்கள். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. டியூபில் செய்தால் ஒட்டிய இடங்களில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோயிருக்கும். அந்த இடங்களுக்கு மட்டும் துத்தநாகம் மிகுந்த பெயிண்டை அடிக்க வேண்டும்.

எடை பார்ப்பதும் இப்போதுதான். லாரி எடைமேடைகள் பெரும்பாலும் ஐந்து, பத்து கிலோ கணக்கில் காட்டுவதால் ஒரு கேட்டுக்குச் சரிவராது; இரும்புக் கடையிலோ காயலாங்கடையிலோ உள்ள தராசில் வைத்துச் சீட்டு வாங்குங்கள். இதெல்லாம் சரியாக இருந்தால், துருவைத் தேய்த்து எடுத்து, பிரைமர் அடித்து, அது நன்றாகக் காய்ந்த பிறகு எனாமல் இரண்டு கோட்டு அடிக்கச் சொல்லிவிட்டு வரலாம்.

வீட்டில் வேலை நடக்கும் நாள்

வெல்டிங் மெஷினைச் சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் சொருக விடாதீர்கள். இப்போது பலரிடம் இருக்கும் சிறிய இன்வெர்ட்டர் மெஷின்களுக்குக்கூடக் குறைந்தது 16 ஆம்பியர் பிளக்கும், சூடேறாத கனமான ஒயரும் தேவை. மீட்டருக்கு முன்னாலிருந்து கொக்கி போட்டு மின்சாரம் எடுப்பது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 135ஆம் பிரிவின்கீழ் திருட்டு; வெல்டர் வழக்கமாகச் செய்வதுதான் என்று சொன்னாலும் வழக்கு வீட்டுக்காரர்மேல்தான் வரும். எர்த் கவ்வியை ஒட்டுகிற இடத்துக்கு அருகிலேயே மாட்டச் சொல்லுங்கள். மழைத் தூறலில் வேலை வேண்டாம்.

மொட்டை மாடி வேலையில் நான் மிகவும் அஞ்சுவது மின்கம்பியைத்தான். இருபதடி டியூபைத் தெருவிலிருந்து மேலே ஏற்றும்போது, பக்கத்தில் போகும் மின்கம்பியில் அது உரசி உயிர்போன செய்திகள் நம் ஊர்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. கம்பி அருகில் இருந்தால் தரையிலேயே அறுத்துத் துண்டுகளாக ஏற்றுங்கள், அல்லது மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து மின்சாரத்தை நிறுத்தச் செய்யுங்கள்.

தீப்பொறி பத்து மீட்டர் தூரம்கூடப் போகும். திரைச்சீலை, மெத்தை, கேஸ் சிலிண்டர், நிறுத்தியிருக்கும் பைக் ஆகியவற்றை முன்பே அகற்றுங்கள். ஜன்னல் கண்ணாடியையும் தரைக் கல்லையும் ஈரச் சாக்கால் மூடுங்கள். கிரைண்டர் பொறி ஒட்டிய டைல்ஸில் அடுத்த மழைக்குத் துருப் புள்ளிகள் தோன்றும். ஒரு வாளித் தண்ணீரும் ஒரு வாளி மணலும் அருகில் இருக்கட்டும். வேலை முடிந்து ஒரு மணி நேரம் கழித்து அந்த இடத்தை மறுபடி பாருங்கள். பெட்ரோல், தின்னர் இருந்த டின்னையோ டிரம்மையோ, காலியாக இருக்கிறது என்று சொல்லி யாரும் ஒட்டவோ அறுக்கவோ விடாதீர்கள். உள்ளே எஞ்சிய ஆவி வெடிக்கும்.

குழந்தைகளை உள்ளே வைத்திருங்கள். அந்த ஒளியைச் சில நொடிகள் பார்த்தாலே, ஆறேழு மணி நேரம் கழித்து இரவில் கண்ணில் மணல் அள்ளிப் போட்டது போல எரியும். தாய்ப்பால் விடுவது, உருளைக்கிழங்கு வைப்பது போன்றவை கிருமித் தொற்றை வரவழைக்கக்கூடும். கண் மருத்துவரிடம் போங்கள். வெல்டரும் 10 அல்லது 11 எண் கண்ணாடி வைத்த முகமூடி இல்லாமல் வந்தால், அதைக் கொண்டுவந்த பிறகு தொடங்கலாம் என்று அன்போடு சொல்லுங்கள். வெயில் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒட்டும் பையன்களை இன்றும் பார்க்கிறேன். முப்பது வயதுக்குள் அவர்களுடைய கண் என்னாகும் என்று நினைத்தால் மனம் கனக்கிறது. ஜி.ஐ. குழாயை ஒட்டும்போது எழும் வெண்புகையைச் சுவாசித்தவருக்கு அன்றிரவே குளிரும் காய்ச்சலும் வரும். பால் குடித்தால் சரியாகும் என்ற நம்பிக்கை பட்டறைகளில் உண்டு. பால் நுரையீரலுக்குப் போவதில்லை. காற்றோட்டமான இடத்தில் வைத்து ஒட்டச் செய்வதுதான் பாதுகாப்பு.

பொருத்திய பிறகு

சுவரில் பதித்த கொக்கிகளுக்கு வைத்த சிமெண்ட் இறுகும்வரை கேட்டைத் தொங்கவிடாமல், அடியில் கட்டை கொடுத்து நிறுத்தி வையுங்கள். பொருத்தும்போது பெயிண்ட் உரிந்த இடங்களுக்கு அன்றே பிரைமர் தொட்டுவைக்க வேண்டும். அதற்காக ஒரு சிறு டப்பாவில் மீதிப் பெயிண்டைக் கேட்டு வாங்கி, மூடியில் நிற எண்ணை எழுதி வையுங்கள். கீலில் கிரீஸ் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் ஒரு காலை நேரத்தில் கீழே குனிந்து, அடிச்சட்டத்தையும் அதன் அடியில் விட்ட துளையையும் பாருங்கள். துளையை மண் அடைத்திருந்தால் ஒரு கம்பியால் குத்தி விடுங்கள். பெயிண்ட் உப்பிய இடம் தென்பட்டால் சுரண்டி எடுத்து, உப்புத்தாளால் தேய்த்து, அந்த டப்பாவைத் திறந்து ஒரு கோட்டு அடித்துவிடுங்கள்.